சீட்டுப் பணம் மூன்று லட்சம்: மூட்டையாக வைப்பதா, ரொக்கமாக வைப்பதா?

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் என் தங்கை வீட்டுக்காரர் மூன்று லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்தார். அவர் ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் கீழே சேலத்தில், அம்மாப்பேட்டைப் பக்கம், அதே தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பணம் கைக்கு வந்த அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், ஐப்பசி மழைக்குள் இதை முழுக்கச் சரக்காகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஃபெஞ்சல் புயலில் பட்டது போதும்" என்றார். பின்னறையைக் கிடங்காக்கத் தச்சரிடம் அளவுகூடக் கொடுத்துவிட்டார் என்பது தங்கை சொல்லிப் பிறகுதான் தெரிந்தது.

"அவசரப்படாதீர்கள் மாப்பிள்ளை, இரண்டு நாள் கொடுங்கள்" என்றேன். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் இருவரும் போட்ட கணக்கும் போட்ட சண்டையும்தான் இந்தக் கட்டுரை. சரக்கு வராத நாளைப் பார்க்காத கடைக்காரர் எவரும் இல்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் இதே கேள்வி அவர்களுக்கும் வரும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொண்டோம். சரக்கு வரவில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது வராமல் போகும் விதம் வேறு வேறு.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகும் உள்மாவட்டங்களை விடவில்லை. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் பாதை அது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு என்றாலும், மழை இரண்டு பாதைக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது. மாப்பிள்ளை கடையில் முதல் நாள் மாலையே மெழுகுவர்த்தி தீர்ந்தது. மறுநாள் பால் பவுடர், அதன் பிறகு எண்ணெய். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கென்று வாங்கி அடுக்கிய சிப்ஸ் பெட்டிகளும் தண்ணீர் பாட்டில்களும் அப்படியே உட்கார்ந்திருந்தன. பாதை அடைபட்டால் சரக்கு மட்டுமா நிற்கிறது, வாங்க வருகிறவனும்தானே நிற்கிறான். இதை நாங்கள் அந்த நேரத்தில் கவனிக்கவில்லை. கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

இது சாலைத் தடை. நாள் கணக்கில் முடிந்துவிடும்.

அடுத்தது மூலத்திலேயே வறண்டு போவது. 2022 பிப்ரவரி 24-இல் உக்ரைன் போர் தொடங்கியது. நம் ஊருக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அது போதாதென்று ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. எங்களுக்கு எண்ணெய் போடும் ஏஜென்சியில் கடைக்கு இத்தனை பெட்டிதான் என்று அளவு வைத்தார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும் தடை இது. கிடங்கு எத்தனை பெரிதாக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது.

மூன்றாவது, சரக்கு கண்ணெதிரே இருந்தும் வாங்க முடியாமல் அல்லது விற்க முடியாமல் போவது. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி குறைப்பு அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நல்ல செய்திதான். ஆனால் நடுவில் இருந்த பத்தொன்பது நாளும் கடைக்காரன் திரிசங்கு சொர்க்கத்தில் தொங்கினான். குறையப்போகிறது என்று தெரிந்தவர் யார் இன்று வாங்குவார்? தீபாவளிக்கென்று முன்கூட்டியே சோப்புப் பெட்டிகளைக் குவித்தவர்கள் பாடு இன்னும் மோசம். முறையாக உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) எடுப்பவர்களுக்கு அந்த வரவாவது கணக்கில் நின்றது. விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் என் மாப்பிள்ளை போன்றவர்களுக்கு அந்த வரவும் கிடையாது. பழைய வரி கொடுத்து வாங்கியதைப் புதிய விலைக்கு விற்கவேண்டியதாயிற்று.

லாரி வேலைநிறுத்தத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். 2018 ஜூலை 20 முதல் 27 வரை நாடு முழுக்க லாரிகள் ஓடவில்லை. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லும் சங்ககிரியும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். சாலையோரம் வரிசையாக நிற்கும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே, துவரம்பருப்பு வரவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொன்ன நாட்கள் அவை. எட்டு நாளில் முடிந்ததால் அதைச் சாலைத் தடையோடு சேர்த்துவிட்டோம்.

முழுக்கச் சரக்காகப் போடுவது

மாப்பிள்ளையின் திட்டம் இது. எதிர்த்துப் பேசாமல் கணக்கை மட்டும் எழுதிக் காட்டினேன்.

அவர் கடையில் நாள் வியாபாரம் சராசரியாக 15,000 ரூபாய். எல்லாப் பொருளையும் கலந்து பார்த்தால் நூற்றுக்குப் பத்து லாபமாக நிற்கும். அதாவது நாளைக்கு 1,500. மோசமான ஒரு வருடத்தில் பாதை இரண்டு முறை, முறைக்கு மூன்று நாள் அடைபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு நாளும் கல்லாவில் காசே விழவில்லை என்று எடுத்துக்கொண்டாலும் இழப்பு 9,000 ரூபாய். சீட்டுத் தவணை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற பணம் அது. மாதத்துக்கு ஒன்றரை வட்டி என்று போடுவதுதான் நியாயம். மூன்று லட்சத்துக்கு மாதம் 4,500, வருடத்துக்கு 54,000. ஒன்பதாயிரத்தைக் காப்பாற்ற ஐம்பத்துநாலாயிரம்.

நீண்ட நேரம் பேசாமல் இருந்தவர், "ஆளை இழந்தால் அதற்கு என்ன கணக்கு மச்சான்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. பக்கத்துக் கடையில் அரிசி இருந்து நம் கடையில் இல்லை என்றால், அன்று அங்கே போனவர் மழை விட்ட பிறகும் அங்கேயே போகலாம். அந்த இழப்பு பேரேட்டில் ஏறாது. ஆனால் எந்தப் பொருள் இல்லையென்றால் ஆள் போவார்? ஷாம்புப் பொட்டலம் இல்லையென்று யாரும் கடை மாறுவதில்லை. வேறு பெயர் போட்ட பொட்டலத்தைக் கொடுத்தால் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, பால் பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பேட்டரி, ரொட்டிக்குப் பதிலாக ரஸ்க், குழந்தைகளுக்கான மாவு டப்பா என்று எழுதிக்கொண்டே போனதில் பட்டியல் பதினான்கு பொருளோடு நின்றுவிட்டது. அந்தப் பதினான்கையும் பத்து நாளுக்குக் கூடுதலாக வைக்க 60,000 ரூபாய் போதும். அதுவும் வருடம் முழுக்க வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் ஏற்றி, மார்கழிக்குள் விற்றுத் தீர்த்துவிடலாம். மூன்று மாத வட்டி 2,700 ரூபாய்.

ஐம்பத்துநாலாயிரமும் இரண்டாயிரத்து எழுநூறும் ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்தன. தச்சருக்குச் சொன்ன வேலை பாதியாகக் குறைந்தது.

மலையில் குவிப்பதற்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு, கீழே இருக்கும் எங்களுக்கு அது எளிதில் புரியாது. ஒரு முறை கார்த்திகை மாதம் அவர் கடைக்குப் போயிருந்தேன். பின்பக்கம் தரையில் வைத்திருந்த கல் உப்புச் சாக்கு அழுதிருந்தது. அடியில் விரலகலத்துக்கு ஈரக் கோடு. அது பக்கத்து ரவைச் சிப்பத்தில் ஏறி, சிப்பத்தின் கீழ்ப்பாதி கட்டிபிடித்துக் கிடந்தது. பிஸ்கட் பெட்டியைப் பிரித்தால் உறை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடுபனி வாரத்தில் அட்டைப்பெட்டியே ஊறி மடங்குகிறது. மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உப்பையும் சர்க்கரையையும் எதிரெதிர் மூலையில் வைக்கவேண்டும். கீழே மூன்று மாதம் தாங்கும் ரவையை மேலே ஒன்றரை மாதத்துக்கு மேல் நம்பக்கூடாது என்பது அவர் அனுபவம். அப்படியிருக்க இவரே எப்படி மூன்று லட்சத்துக்கு மூட்டை போடக் கிளம்பினார் என்றால், புயல் பயம் அப்படி.

இரண்டாவது ஆள்

வழக்கமாகச் சரக்கு போடுகிறவர் கைவிட்டால் வாங்க இன்னொருவர். கீழே என் கடைக்கு இதுதான் முதல் மருந்து. பெரிய நிறுவனங்களின் பொருள்கள் எங்களுக்கு ஏரியா ஏஜென்சி வழியாகத்தான் வருகின்றன. வாரம் ஒரு நாள் சேல்ஸ்மேன் வந்து ஆர்டர் எடுப்பார், மறுநாள் லைன் வண்டி போடும். அந்த ஏஜென்சியில் ஆள் இல்லை, வண்டி பழுது, நிறுவனத்தோடு தகராறு என்று ஏதாவது ஒன்று ஆனால் ஒரு பிராண்டு முழுக்க அலமாரியில் இருந்து மறைந்துவிடும். அப்போது செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு வண்டியை விட்டால் அதே பொருள் ஏதோ ஒரு மொத்தக் கடையில் இருக்கும். பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் ஸ்கீம் சலுகையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுப்பதால் சில நாள் ஏஜென்சியைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும்.

இதற்கும் விலை உண்டு. லீ பஜாரில் ரொக்கம் கேட்பார்கள். ஏஜென்சி போல ஏழு நாள், பத்து நாள் தவணை எதிர்பார்க்க முடியாது. காலாவதியான சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். எனவே பெட்டியைப் பிரித்துத் தேதி பார்த்து வாங்கவேண்டும். பில் இல்லாமல் வாங்கவே கூடாது. ஒரு முறை எனக்கே ஆயிற்று. பற்பசைத் தட்டுப்பாட்டில் அவசரமாக நான்கு பெட்டி எடுத்தேன், மேல் வரிசை புதிய தேதி, அடி வரிசைக்கு இரண்டு மாதம்தான் மிச்சம். யாரைக் குறை சொல்ல? பார்க்காதது என் தவறு.

இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் தட்டுப்பாட்டு நாளில் மட்டும் போய் நின்றால் நடக்காது. மாதத்துக்கு ஒரு பில்லாவது அங்கே போடவேண்டும். என் கொள்முதலில் ஐந்தில் ஒரு பங்கை, கொஞ்சம் விலை கூடினாலும், வேண்டுமென்றே லீ பஜாரில் எடுக்கிறேன். முகம் தெரிந்திருந்தால்தான் "இரண்டு பெட்டி ஒதுக்கி வையுங்கள் அண்ணாச்சி" என்று தொலைபேசியில் சொல்ல முடியும்.

ஆனால் மலைக்கடைக்கு இந்த மருந்து பாதிதான் வேலை செய்யும். ஏஜென்சி வண்டி ஏற முடியாத பாதையில் லீ பஜார் சரக்கு ஆட்டோ மட்டும் எப்படி ஏறும்?

கைபேசிச் செயலி

மொத்தச் சரக்கைக் கைபேசியிலேயே ஆர்டர் போட்டால் கடைக்குக் கொண்டுவந்து தரும் செயலிகள் வந்தபோது என் மகன்தான் இறக்கிக் கொடுத்தான். விலை ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது, நள்ளிரவில் உட்கார்ந்து ஆர்டர் போடலாம், ஏஜென்சி விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேச அது ஒரு கருவி. இவை மூன்றும் உண்மையான லாபங்கள். தட்டுப்பாட்டு நாளில் மட்டும் கைவிட்டது. எண்ணெய் நெருக்கடியில் நான் போட்ட ஆர்டர் இரண்டு முறை உறுதியாகி, இரண்டு முறையும் ரத்தானது. பேசுவதற்கு மனிதர் இல்லை. பதிவு செய்த குரல்தான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. விலை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிக் கடையை வைக்காதீர்கள்.

உள்ளூர்ச் சரக்கு

தூரம்தானே பிரச்சினை, பக்கத்தில் விளைவதை விற்போம் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. சேலத்தைச் சுற்றி எத்தனை ஜவ்வரிசி ஆலை! சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981 முதல் நடக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. உலகமே ஸ்தம்பித்தாலும் ஜவ்வரிசிக்கு எங்களுக்குப் பஞ்சம் வராது. ஆனால் விரதம் இருந்து ஜவ்வரிசி தின்பவர்கள் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார்கள். நம் ஊரில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் போக எத்தனை கிலோ விற்றுவிடும்? ஏற்காட்டில் இன்னும் வேடிக்கை. மாப்பிள்ளை கடைக்குப் பின்புறச் சரிவில் காப்பிச் செடி பூக்கிறது. கடை முன்னால் சரம் சரமாகத் தொங்குவது எங்கிருந்தோ வரும் ஐந்து ரூபாய் உடனடிக் காப்பிப் பொட்டலம்.

இருந்தாலும் இந்த வழியை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். எண்ணெய் நெருக்கடியின்போது பக்கத்துச் செக்கிலிருந்து கடலை எண்ணெய் எடுத்து வைத்தேன். விலை அதிகம்தான், பாமாயில் வாங்குகிறவர் அதைத் தொடவில்லை. ஆனால் சூரியகாந்தி வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களில் சில மாறின, அவற்றில் சில இன்றும் கடலை எண்ணெயிலேயே இருக்கின்றன. அப்பளம், ஊறுகாய், மசாலாத்தூள், சலவைச் சோப்பு இவற்றுக்கும் உள்ளூர்ப் பெயர்கள் ஒத்துப்போகும். 2017 மார்ச் 1 முதல் வணிகர் அமைப்புகள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது, நம் ஊர்க் குளிர்பானமான பொவன்டோவைக் கேட்டு வாங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பிராண்டு இடம் விட்டால் இன்னொன்று அங்கே உட்கார்ந்துகொள்கிறது. எடுக்கும் முன் உறையில், தின்பண்டமானால் உணவுப் பாதுகாப்பு உரிம எண், எதுவானாலும் எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தவர் செய்கிறார் என்பதற்காக அச்சில்லாத பொட்டலத்தை அடுக்கினால் ஆய்வுக்கு வருகிறவர் கேள்வி கேட்பது கடைக்காரரைத்தான்.

நான்கைந்து மலைக்கடைகள் சேர்ந்து ஒரே வண்டி பிடித்துச் சரக்கு எடுக்கும் யோசனையும் வந்தது. வாடகையும் ஏற்றுகூலியும் பங்காகும். யார் எத்தனை பெட்டி, யார் முதலில் பணம் கட்டுவது என்பதில் இரண்டாவது மாதமே முகம் சுளித்துக்கொள்வார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் ஊர், அவருக்குத் தெரியும். விட்டுவிட்டோம்.

ரொக்கம்

யாரும் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

எண்ணெய்க்கு அளவு வைத்த அந்த வாரங்களில் எங்கள் தெருவில் ஒரு கடைக்கு இரண்டு பெட்டி கிடைத்தது, இன்னொரு கடைக்கு ஆறு. காரணம் கேட்டால் ஏஜென்சி சேல்ஸ்மேன் சிரிப்பார். ஆறு பெட்டி வாங்கியவர் ஒவ்வொரு செவ்வாயும் பழைய பில்லைத் தீர்த்துவிட்டுத்தான் புதிய ஆர்டர் சொல்வார். இரண்டு பெட்டிக்காரர் வியாபாரத்தில் பெரியவர், ஆனால் "அடுத்த வாரம் தருகிறேன்" என்று மூன்று பில்லை இழுப்பவர். சரக்கு தாராளமாக இருக்கும் நாளில் இருவருக்கும் ஒரே மரியாதை. தட்டுப்பாடு வந்ததும் வரிசை மாறிவிடுகிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த இரண்டு பெட்டிக்காரர் நான்தான். அதன் பிறகு எந்த ஏஜென்சிக்கும் ஒரு பில்லுக்கு மேல் நிலுவை வைத்ததில்லை.

மலையில் ரொக்கத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மாப்பிள்ளையின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் காப்பித் தோட்டத்து வேலைக்காரர்கள், சுற்றியுள்ள மலைக்கிராமத்தவர்கள். மழை பிடித்தால் தோட்டத்தில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வாரக்கூலி இல்லை. பாதை அடைபட்ட நாட்களில் அவர் கடையில் வியாபாரம் நடந்ததா என்று நோட்டைப் புரட்டினோம். நடந்திருக்கிறது, முக்கால்வாசி கடன் பக்கத்தில். ஆக அலமாரி காலியாகிறது, கல்லா நிரம்புவதில்லை. பாதை திறந்த அன்று ஏஜென்சிக்குக் கொடுக்கப் பணம் இல்லாவிட்டால் தடை அவருக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் நீளும். புயலுக்குப் பிறகு அவருக்கு உண்மையில் நடந்தது அதுதான். அவர் அந்தப் பழியைச் சாலைமேல் போட்டிருந்தார்.

இதை வைத்து இரண்டு கடைக்கும் இரண்டு விதமாகப் பிரித்தோம். மேலே: பதினான்கு பொருளுக்கு 60,000, மழைக்காலம் மட்டும். ஏஜென்சி நிலுவைகள் எல்லாவற்றையும் தீர்க்க 90,000. பலகை, தார்ப்பாய், எலி புகாத தகரக் கதவுக்கு 15,000. மீதி 1,35,000 வங்கிக் கணக்கில், கடன் நோட்டு கனக்கும் மாதத்துக்காக. சுற்றுலாச் சரக்கை ஐப்பசி, கார்த்திகையில் பாதியாகக் குறைத்துக்கொள்வது. சித்திரை, வைகாசிக் கோடைக் கூட்டத்துக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கீழே என் கடைக்கு மழைக் கையிருப்பு தேவையே இல்லை. நடந்து போகும் தூரத்தில் பத்துக் கடை இருக்கும் தெருவில் பத்து நாள் சரக்கு வைத்து என்ன செய்ய? எனக்கு லீ பஜார் பழக்கமும், ஒவ்வொரு வகையிலும் ஒரு மாற்றுப் பிராண்டும், செவ்வாய்க்கிழமை பாக்கி இல்லாத பில்லும் போதும். அவர் கணக்கை நானோ, என் கணக்கை அவரோ அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் நட்டம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. மெழுகுவர்த்திக்கு நான் நான்கு பெட்டி போதும் என்று எழுதியிருந்தேன். அவர் அடித்துவிட்டுப் பத்து என்று போட்டார். கெடாத பொருள், இடமும் அடைக்காது என்றார். போன முறை இருட்டில் வந்து கேட்டவர்களின் முகம் அவருக்குத்தான் தெரியும். புரட்டாசி மூன்றாம் சனி முடிந்ததும் சரக்கு ஆட்டோ ஏறுகிறது. உப்பை மட்டும் இரண்டு சாக்கு குறைத்துக்கொண்டோம்.